துவர்ப்பு என்னும் அளவுகோல்

தமிழில் மதுவைப் பற்றி நாம் இரண்டு குரல்களில்தான் பேசுகிறோம். ஒன்று மேடைக் குரல். மது என்ற சொல்லைக் கேட்டதுமே அது குடும்பங்களின் அழிவைப் பேசத் தொடங்கிவிடும். மற்றொன்று நண்பர் கூட்டத்துக் குரல். எவ்வளவு குடித்தோம், குடித்தபின் என்னென்ன செய்தோம் என்பதே அதன் பெருமை. முதல் குரலில் உண்மை இருக்கிறது. குளச்சல் போன்றதொரு கடற்கரை ஊரில் வாழ்பவன் அதை மறுக்க இயலாது. ஆனால் இரண்டு குரல்களிலும் விடுபட்டுப்போன ஒன்று உண்டு. அது சுவை. குடித்தது நன்றாக இருந்ததா என்ற எளிய கேள்வியை இரு தரப்பாருமே கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவது நமக்கு நல்லது என்பது என் தரப்பு. அதைச் சொல்வதற்கு வசதியான பொருளாக, அன்றாடம் ஒருவர் வாங்கக்கூடிய விலையிலுள்ள சிவப்பு ஒயினை எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்களில் மதுக்கடைக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒயின்ஷாப்’. அங்கே கேட்பாரற்றுக் கிடக்கும் சரக்கு ஒயின்தான் என்பது வேடிக்கை. 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அன்று முதல் இங்குள்ளவர்கள் எதைக் குடிப்பது என்பதை அரசின் அலமாரி முடிவு செய்கிறது. அந்த அலமாரியை ஆள்வது 180 மில்லி கால் குப்பி. அதன் செறிவு 42.8 விழுக்காடு, கணக்குப் போட்டால் அதில் உள்ள ஆல்கஹால் சுமார் 77 மில்லி. 13 விழுக்காடு செறிவுள்ள ஒயினை ஒரு கோப்பை, அதாவது 150 மில்லி, அருந்தினால் உள்ளே செல்வது 20 மில்லிக்கும் சற்றுக் குறைவு. ஆக, நான்கு கோப்பை ஒயினுக்கு நிகரானதை நம்மவர் நின்றபடியே பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு கிளம்புகிறார். அவருக்குச் சுவை என்பது கடந்து செல்ல வேண்டிய ஓர் இடையூறு. முகத்தைச் சுளித்து ஒரே மடக்கில் விழுங்குவதும், உடனே ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பதும் அந்த இடையூறைக் கடக்கும் உபாயங்கள்.

ஒயின் எங்கள் ஊருக்கு அந்நியமானதன்று. அது மூன்று வழிகளில் இங்கு வந்து சேர்கிறது. கேரளத்தைப் போலவே குமரி மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளிலும் கிறிஸ்துமஸுக்கென்று பரணியில் ஊறவைத்து எடுக்கும் முந்திரிச்சாறு முதலாவது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர் விமான நிலையக் கடையில் வாங்கிவரும் குப்பி இரண்டாவது. டாஸ்மாக் அலமாரியின் ஒதுக்குப்புறத்தில் தூசு படிந்து நிற்கும் நாசிக், நந்தி மலைக் குப்பிகள் மூன்றாவது. மூன்றையும் அருந்துகிறோம். முதலாவதை வீட்டுப்பெருமையாலும், இரண்டாவதை விலையாலும், மூன்றாவதைப் பெரும்பாலும் வாங்காமலேயும் மதிப்பிட்டு முடித்துவிடுகிறோம். நாக்கைக் கலந்தாலோசிப்பதில்லை.

இதற்கு ஒரு காரணம் மொழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒயினைப் பற்றி எழுதப்படும் சொற்கள் அனைத்தும் வேறொரு நிலத்தில் விளைந்தவை. குப்பியின் பின்புறச் சீட்டைப் படியுங்கள். பிளாக்கரண்ட், செடார் மரம், வயலட் மலர் என்று ஒரு பட்டியல் நீளும். குளச்சலில் பிறந்து வளர்ந்த ஒருவர் இவற்றில் ஒன்றைக்கூட முகர்ந்திருக்க வாய்ப்பில்லை. எனவே தனக்கு எதுவும் தெரியவில்லை, இது தனக்கான பானமில்லை என்று அவர் விலகிவிடுகிறார்; அல்லது தெரிந்ததுபோல நடிக்கிறார். 1741-இல் டச்சுக் கம்பெனியின் படையைத் தோற்கடித்த ஊர் இது. ஒரு குப்பியின் பின்சீட்டிடம் சரணடைய வேண்டியதில்லை.

நம் முன்னோர் அப்படிச் சரணடைந்தவர்களும் அல்லர். யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் அருந்துவதைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் பேசுகிறது. அந்த யவன ஒயின் வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கள், தேறல், நறவு, தோப்பி என்று பானங்களைப் பிரித்து அறிந்த மொழி இது. ‘தேறல்’ என்ற சொல்லே தெளிந்தது என்னும் பொருளைத் தருவது. நாட்பட்ட தேறலின் வேகத்தைச் சொல்லப் புறநானூற்றுப் புலவர் தேளின் கொட்டை நினைவுகூர்கிறார். சிறுபாணாற்றுப்படையோ சீறும் பாம்பைச் சொல்கிறது. ஒயின் நிபுணர்கள் இன்று எழுதும் சுவைக்குறிப்பும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஒரே வேறுபாடு, நம் புலவர்கள் தம் கண்முன் ஊர்ந்தவற்றை உவமையாக்கினார்கள்.

சிவப்பு ஒயினைப் பொறுத்தவரை தமிழ் நாக்குக்கு ஒரு தனிச் சலுகையே இருக்கிறது. சிவப்பு ஒயினை வெள்ளை ஒயினிலிருந்து பிரிப்பது நிறம் மட்டுமல்ல. சிவப்பு ஒயினில் திராட்சையின் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்தே நொதிக்கின்றன. அவற்றிலிருந்து இறங்கும் டானின் நம் எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. வழவழப்பு போய் வாய் உலர்ந்து இறுகுகிறது. மேலைநாட்டு உடலியல் இதனை அடிப்படைச் சுவைகளில் சேர்ப்பதில்லை; தொடுவுணர்வின் பாற்பட்டது என்று ஒதுக்குகிறது. நாமோ இதற்குத் துவர்ப்பு என்று பெயரிட்டு அறுசுவைகளில் ஒன்றாக அமர்த்தியிருக்கிறோம். சிவப்பு ஒயினின் முதுகெலும்பாக இருக்கும் இந்தக் குணத்தை அறிய நமக்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. வாழைப்பூவும் இளம்பாக்கும் நாவற்பழமும் அந்தப் பயிற்சியைச் சிறுவயதிலேயே கொடுத்துவிட்டன.

துவர்ப்பிலும் தரங்கள் உண்டு. கொல்லாம்பழத்தை உப்பில்லாமல் கடித்தால் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு ஒன்று. தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்ட கட்டன்சாயாவின் துவர்ப்பு இன்னொன்று. அதில் கசப்பும் ஏறியிருக்கும். நன்கு கனிந்த நாவற்பழத்தின் துவர்ப்பு வேறு. அது இனிப்பின் பின்னால் மெல்ல வந்து, நாக்கின் மேல் மாவு பூசியதுபோலப் படிந்து, சற்று நேரம் நின்று அகலும். மலிவான சிவப்பு ஒயினில் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒன்று கொல்லாம்பழமாகத் தொண்டையைப் பிடிக்கும். அல்லது துவர்ப்பே இல்லாமல் சர்பத்தாக இருக்கும். நாவற்பழத்தின் பக்கத்தில் வந்து நிற்கும் குப்பி எதுவோ, அது தன் விலைக்கு உண்மையாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

மற்ற அளவுகோல்களும் நம்மிடம் உள்ளவைதான். புளிப்பு கூர்மையாக இருக்கிறதா, காடியின் பக்கம் சாய்கிறதா? இனிப்பு பழத்தினுடையதா, சீனியினுடையதா? விழுங்கும்போது நெஞ்சில் எரிவு தெரிகிறதா? தெரிந்தால் ஆல்கஹால் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். விழுங்கிய பின் சுவை எத்தனை நேரம் வாயில் நிற்கிறது? இந்த நான்கு கேள்விகளோடு துவர்ப்பையும் சேர்த்தால் ஐந்து. அன்றாடம் அருந்துபவருக்கு இவை போதும். சாம்பிராணி வாசம், ஈரமண் வாசம், கிராம்பு வாசம் என்று மேலும் எதையாவது உணர்ந்தால் அது அவருடைய தனி வரவு.

விலையை அளவுகோலாகக் கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவில் பெயரை மறைத்து நடத்திய சுவைப்புகளில் 6,000-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் தொகுத்தது. பயிற்சியற்ற சாதாரண மனிதர்கள் விலை கூடிய ஒயின்களைச் சராசரியில் சற்றுக் குறைவாகவே ரசித்திருந்தார்கள். அதே ஆண்டில் கலிபோர்னியாவில் இன்னொரு சோதனை. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலர் என்று நம்பியவர்களின் மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாகக் கிளர்ந்தது. பிரான்சின் போர்தோவில் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களைக்கொண்டே அதை வருணித்த கதை 2001-இல் அச்சில் வந்தது. அவர்கள் ஒயின் இயல் கற்ற மாணவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கண் பார்த்ததையும் காது கேட்டதையும் நாக்கு ஒப்புக்கொள்கிறது. அதனிடம் தனியாகக் கேட்டால்தான் அது தன் சாட்சியைச் சொல்லும்.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் கவிஞர்களின் பெயர்களை நீக்கிவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துகளை ஆராய்ந்து 1929-இல் நூலாக்கினார். பெயர் போனதும் பலருடைய ரசனை தடுமாறியது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் ஒயின்களைக்கொண்டு செய்ததும் ஏறக்குறைய அதுவே. பெயர் தெரியாமல் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள் தம் நாட்டுப் புகழ்பெற்ற குப்பிகளைத் தாண்டி ஒரு கலிபோர்னியச் சிவப்பு ஒயினை முதலிடத்தில் வைத்தார்கள்.

இதனை நம் வீட்டிலேயே செய்யலாம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து நான்கு குப்பிகள் வாங்குங்கள். அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி எண் இடும் வேலையை ஒருவர் ஏற்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு மிடறு போதும். விழுங்காமல் துப்புவதிலும் தவறில்லை. குறிப்பை எழுதி முடிக்கும்வரை யாரும் வாய்திறக்கக் கூடாது. முதலில் பேசுபவரின் கருத்து அறை முழுவதும் பரவிவிடும். இன்னொன்று, சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் அருந்த வேண்டும் என்பது ஐரோப்பியக் கல்வீடுகளுக்குச் சொன்ன விதி. அங்கே அது 18 பாகைக்கு மேல் போகாது. குளச்சலின் அறை வெப்பம் 30 பாகை. அந்தச் சூட்டில் எந்த ஒயினும் எரிந்துதான் இறங்கும். அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு எடுங்கள். மீந்ததை மூடி மறுபடி குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் உணவோடு சுவைத்துப் பாருங்கள். மறுநாள் எந்தக் குப்பியை மனம் நாடுகிறதோ அதற்கே முதல் மதிப்பெண்.

உணவு என்றதும் எங்கள் ஊரில் மீன்தான் முதலில் வரும். மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்பது பழைய நம்பிக்கை. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் கண்டுசொன்னார்கள். ஒயினிலுள்ள இரும்புச் சத்து கடலுணவின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சு நாற்றத்தை எழுப்புகிறது. எங்கள் பக்கத்தில் உளும்பு என்பது இதைத்தான். எல்லாச் சிவப்பு ஒயினிலும் இரும்பு ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே இது எல்லாக் குப்பிக்கும் பொருந்தும் விதியாகாது. ஆயினும் எண்ணெய்ப் பசையுள்ள சாளைக்கு எதிரே துவர்ப்பு மிகுந்த குப்பியைத் திறக்காமலிருப்பதே நல்லது. காரத்துக்கும் இது பொருந்தும். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாயின் எரிவைக் கூட்டும். கோழி வறுவலோ தேங்காய் வறுத்தரைத்த ஆட்டிறைச்சியோ இருந்தால் சிவப்பு ஒயின் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணித்துவிடும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எங்கள் மூன்று குப்பிகளிடம் திரும்பினால் என் தீர்ப்பு இதுதான். வீட்டு முந்திரிச்சாறு பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையில் செய்யப்படுவது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை மஸ்கட் ஹம்பர்க் இனத்தைச் சேர்ந்தது. மணம் மிகுந்தது, துவர்ப்பு குறைந்தது. அதில் சீனியும் கிராம்பும் பட்டையும் சேரும்போது கேக்குக்கு நல்ல துணையாகிறது, சோற்றுக்கு ஆவதில்லை. சட்டப்படி உரிமமின்றி அதைக் காய்ச்சவும் கூடாது. விமான நிலையக் குப்பியின் பெருமையில் பாதி அது கடந்துவந்த தூரத்தினுடையது. நாசிக், நந்தி மலைப் பகுதிகளின் எளிய ஷிராஸ், கேபர்னே கலவைகளோ நாம் எண்ணுவதைவிட நேர்மையானவை. அங்கே கொடிகளை மழைக்குப் பின் கவாத்து செய்து, கோடை முற்றுமுன் பறிக்கிறார்கள். வெயிலில் விளைந்த பழத்தின் கனிவு அவற்றில் தெரியும். அவற்றுக்கு நேரும் கேட்டில் பெரும்பகுதி விற்பனைக் கடையின் சூட்டில் மாதக்கணக்கில் நிற்பதால் வருவது. பழம் வெந்த மணமும் தட்டையான சுவையும் தெரிந்தால் தோட்டக்காரரைக் குறை சொல்லாதீர்கள். ஆண்டைப் பார்த்து, கிடைப்பவற்றில் புதியதை வாங்குங்கள்.

இதெல்லாம் மேட்டிமைத்தனம் என்று ஒரு குரல் எழலாம். விலையையும் பெயரையும் ஒதுக்கிவிட்டு வாழைப்பூவை அளவுகோலாகக் கொள்ளச் சொல்வது மேட்டிமைக்கு நேர்மாறானது என்றே நினைக்கிறேன். இன்னொரு மறுப்பு கனமானது. ஒயினும் மதுதான், எந்த அளவும் உடலுக்குப் பாதுகாப்பானதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. அதை மறுக்க என்னிடம் எதுவுமில்லை. குடிக்காதவர் தொடங்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. குடிப்பவரிடம்தான் பேசுகிறேன். போதையை மட்டும் தேடுபவருக்குப் போதும் என்ற சொல்லை அவருடைய உடல்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது மிகத் தாமதமாகச் சொல்கிறது. சுவையைத் தேடுபவருக்கு அச்சொல்லை நாக்கு முதல் கோப்பையிலேயே சொல்லிவிட முடியும். ‘இது நன்றாக இல்லை’ என்று காசு கொடுத்து வாங்கிய கோப்பையைக் கீழே வைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் பெருகினால், மேடைக் குரல்கள் சாதிக்காத ஒன்றைத் துவர்ப்பு என்ற பழஞ்சொல் சாதித்துவிடக்கூடும்.