நுவரெலியாவில் 12.5 என்றால் என்ன?

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசின் பங்காக 200 ரூபாவும் சேர்த்து 1,750 என்றது. தொகையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்தத் தொகைக்காக மலையேறும் பெண்ணின் இரத்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதே 2024இல் உலக சுகாதார நிறுவனம் இரத்தச்சோகைக்கான அளவுகளைத் திருத்தி வெளியிட்டது. கர்ப்பமில்லாத வயதுவந்த பெண்ணுக்கு, கடல்மட்டத்தில், ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராம் ஈமோகுளோபின் என்பது பழைய எல்லை, அது மாறவில்லை. மாறியது உயரத்துக்கான கணக்கு. 1,000 மீற்றருக்கு மேல் வாழ்பவருக்கு 0.8 கிராமும், 1,500 மீற்றருக்கு மேல் 1.1 கிராமும் எல்லையோடு கூட்டவேண்டும். முன்பு கூட்டியது இதைவிடக் குறைவு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் எல்லை 13.1. ஹட்டனில் 12.8.

கிளிநொச்சியில் இருக்கும் அக்காவுக்கும் நுவரெலியாத் தோட்டத்தில் இருக்கும் தங்கைக்கும் 12.5 என்று ஒரே முடிவு வந்தால், அக்காவுக்குச் சோகை இல்லை, தங்கைக்கு உண்டு. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு இப்படி ஓர் அக்காவும் தங்கையும் புதிதல்ல.

ஏன் இந்த வித்தியாசம்? நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் அந்தளவு குறைகிறது. உடலின் கலங்கள் இதை எப்படி அறிகின்றன என்று கண்டுபிடித்ததற்காகவே வில்லியம் கேலின், பீற்றர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கலங்கள் எச்.ஐ.எஃப் என்ற புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கின்றன. ஒட்சிசன் போதுமானால், ஒரு நொதியம் அதற்கு அடையாளம் போட்டுவிடும். சில நிமிடங்களில் அது அழிக்கப்படும். ஒட்சிசன் குறைந்தால் அடையாளம் விழாது. புரதம் சேர்ந்து கருவுக்குள் போய்த் தேவையான பரம்பரையலகுகளை இயக்கும். சிறுநீரகம் எரித்திரோபொயட்டின் என்ற ஓமோனைச் சுரக்க, என்பு மச்சை கூடுதல் செங்குருதிக் கலங்களைச் செய்யத் தொடங்கும். ஆகவே மலையில் வாழும் உடலுக்கு ஈமோகுளோபின் கூடுதலாக இருப்பதே இயல்பு.

ஆனால் கட்டளை வந்தால் மட்டும் போதுமா? ஒவ்வோர் ஈமோகுளோபின் மூலக்கூறுக்கும் நான்கு இரும்பு அணுக்கள் வேண்டும். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், கையோடு சாயத் தண்ணியும் என்றால் இரும்பு எங்கிருந்து வரும்? மரக்கறியிலும் தானியத்திலும் இருக்கும் கொஞ்ச இரும்பையும் சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. அவள் பறித்த கொழுந்துதான் அது. மாதவிடாய், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, கொழுக்கிப்புழு எல்லாம் மீதியையும் கொண்டுபோகும். மீனும் இறைச்சியும் முட்டையும் வாங்க வேண்டியது மேலே சொன்ன சம்பளத்தில்தான்.

சோகையுள்ள பெண் செங்குத்தான மலையில் ஏறும்போது இளைக்கும், நெஞ்சு படபடக்கும். பறிக்கும் கிலோ குறையும். குறித்த நிறை வராவிட்டால் 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். 'சோம்பேறி' என்ற பேச்சும் சேர்ந்து வரும். பாதிச் சம்பளத்தில் அடுத்த வாரக் கறி இன்னும் மெலியும். நிறைக் கணக்கை வெறும் உற்பத்தித்திறன் விடயமாகக் கம்பனிகள் பேசுவதை என்னால் ஏற்க முடியாதது இதனால்தான்.

கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பயன் குறையும். தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ச் சாறோடு குடித்து, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிவைக்கலாம். இதை வீட்டிலேயே செய்யலாம். மற்றது வீட்டால் முடியாது. தோட்ட மக்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் உயரத்தைக் கூட்டிப் பார்த்துத்தான் கணிக்கப்படுகின்றனவா, அப்படிக் கணித்தால் எத்தனை பேருக்குச் சோகை என்று தொழிற்சங்கங்கள் சுகாதார அமைச்சிடம் எழுத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பெயர்கள் தேவையில்லை, பிரதேசவாரியான எண்ணிக்கை போதும்.