பெருங்காய டப்பாவும் ஆறு மாத ஊசியும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் மேல் ஷெல்ஃப் உயர்ந்துகொண்டே போகிறது என்பதைப் போன வருஷம் கண்டுபிடித்தேன்.

சத்தியமாக! இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் அகப்படுகிற பெருங்காய டப்பா, திடீரென்று விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்பட ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அதுவும் இல்லை. "பெயிண்ட் அடிக்கறேன்னு ஷெல்ஃபைக் கழட்டினீங்களே, மேலே தூக்கி மாட்டிட்டீங்க!" என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் இஞ்ச் டேப்பைக் கொண்டு வந்து அளந்து, "அதே ஆறேகால் அடிதான்" என்று சாதித்தார். நான் நம்பவில்லை. டேப் ரொம்பப் பழசு.

இன்னொரு அதிசயமும் நடந்தது. என் புடவைகளெல்லாம் வளர ஆரம்பித்தன. நான் நடந்தால் கூடவே தரை பெருக்கின. "கொசுவத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கோங்க" என்றார் பக்கத்து ஃபிளாட் மாமி.

ஷெல்ஃப் உயர்கிறது, புடவை நீள்கிறது. முப்பத்தைந்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இந்த இரண்டையும் கூட்டி விடை காணத் தெரியவில்லை பாருங்கள்! முதுகுவலிக்காகப் போன இடத்தில் டாக்டரம்மா சுவரோரம் நிறுத்தி அளந்தபோதுதான் விடை வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த சர்ட்டிஃபிகேட்டில் என் உயரம் 157 செ.மீ. இப்போது 152.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு கண்ணிகள் நசுங்கியிருந்தன.

"எப்பம்மா விழுந்தீங்க?"

"நான் விழவே இல்லையே."

"விழணும்னு அவசியமில்லை. குனிஞ்சு பக்கெட்டைத் தூக்கினாக்கூடப் போதும். எலும்பு அவ்வளவு மெலிஞ்சிருக்கு."

பிறகு டெக்ஸா ஸ்கேன். வலியில்லாத சமாசாரம். மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிந்துவிடுகிறது. மார்க்தான் வலித்தது. 'டி ஸ்கோர்' மைனஸ் 3.1. என் சர்வீஸில் எத்தனையோ பேருக்கு முட்டை போட்டிருக்கிறேன். மைனஸ் போட்டதில்லை! வாலிப வயசுப் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டு இந்த மார்க்கைப் போடுகிறார்களாம். 67 வயசுக்காரிக்கு இது என்ன நியாயம்? மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்புப்புரை என்று 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்துவிட்டது. நான் ஃபெயில்.

டாக்டரம்மா விளக்கினார். எலும்பு என்பது கட்டி முடித்த கட்டடம் இல்லையாம். உள்ளே இரண்டு கோஷ்டி இருக்கிறது. ஒன்று பழைய எலும்பைத் தோண்டும். இன்னொன்று பின்னாலேயே வந்து புதிதாக நிரப்பும். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், தோண்டுகிறவர்களுக்கு மேஸ்திரியின் பயம் விட்டுப் போகிறது. நிரப்புகிறவர்களால் ஈடு கொடுக்க முடிவதில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருவிலும் அப்படித்தான். தோண்டுகிறவர்கள் சொன்ன தேதிக்கு டாணென்று வந்துவிடுவார்கள்.

முதலில் வாரம் ஒரு மாத்திரை. கேட்பதற்கு சுலபம். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது. வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. காபியும்! காலை ஐந்தரை மணிக்கு டிகாக்‌ஷன் வாசனையை முகர்ந்துகொண்டு அரை மணி நேரம் விறைப்பாக உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட தவம் என்பது காபிக்காரர்களுக்குத்தான் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எட்டாவது வாரம் நெஞ்செரிச்சல் தாங்கவில்லை.

"அப்போ ஊசிதான்" என்றார் டாக்டரம்மா. அதில் மூன்று வகை சொன்னார். இரண்டு வருஷத்துக்குத் தினமும் நாமே போட்டுக்கொள்கிற பேனா ஊசி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தோலுக்கடியில் போடுவது. வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் ஏற்றுவது.

இன்ஷூரன்ஸில் முப்பத்துமூன்று வருஷம் குப்பை கொட்டிய என் வீட்டுக்காரரின் முகம் பிரகாசமாயிற்று. "தினசரி, அரையாண்டு, முழு ஆண்டு! பிரீமியம் மாதிரியே இருக்கே!"

தினசரி ஊசிக்குச் செலவு அதிகம். எனக்கு தைரியமும் குறைவு. முழு ஆண்டுக்கு என் சிறுநீரகம் இடம் கொடுக்கவில்லை. கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல். ஆகவே அரையாண்டு. மருந்தின் பெயர் டெனோசுமாப். 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது நம் நாட்டிலேயே தயாராகிறது.

"ஒண்ணு நல்லாத் தெரிஞ்சுக்கணும்மா" என்றார் டாக்டரம்மா. "இந்த ஊசி போட்டா தோண்டற கோஷ்டி ஸ்டிரைக் பண்ணும். ஆறு மாசத்துல மருந்து தீர்ந்துடும். அடுத்த ஊசி வரலேன்னா, விட்டுப்போன வேலையையும் சேர்த்து டபுள் ஷிப்ட்ல தோண்டுவாங்க. சில பேருக்கு ஒரே சமயத்துல ரெண்டு மூணு கண்ணி நசுங்கியிருக்கு. ஏழு மாசத்தைத் தாண்டவே கூடாது."

"ஒரு மாசம் கிரேஸ் பீரியட்!" என்றார் இவர் உற்சாகமாக.

"அதை நம்பிப் பிரீமியத்தைத் தள்ளிப் போடாதீங்க சார். இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது. நிறுத்தறதானா வேற மருந்துக்கு மாத்தித்தான் நிறுத்தணும்."

"அப்போ இது கல்யாணம் மாதிரி" என்றேன் நான். இவர் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் யோசித்தேன். யோசிக்க உதவி செய்ய ஆளுக்கா பஞ்சம்? "தாடை எலும்பு உதிர்ந்துடுமாமே!" என்றார் மாமி. பிரண்டைத் துவையல் அரைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கீழ் வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் சிபாரிசு வந்தது. ஹைதராபாத்திலிருந்து மகள், "டாக்டர் சொன்னா போட்டுக்கோம்மா" என்றாள். பெங்களூரிலிருந்து மகன், "எதுக்கும் இன்னொரு டாக்டரைப் பாரும்மா" என்றான். இரண்டு பேரும் போனை வைத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு நாள் மத்தியானம், ரசத்துக்குப் பெருங்காயம் வேண்டியிருந்தது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். முக்காலியைப் போட்டு ஏறினேன். ஒரு கால் லேசாக ஆடியது. முக்காலியின் காலா, என் காலா தெரியவில்லை. ஷெல்ஃபைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து அணைந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அம்மா ஞாபகம்.

அம்மா கடைசிப் பத்து வருஷம் கூன் விழுந்துதான் நடந்தாள். பேரன் பேத்திகளைக் குனிந்து ஆசீர்வாதம் பண்ண வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லாமல் போயிற்று. "வயசானா அப்படித்தான்" என்றோம். அது வயசு இல்லை, நசுங்கிய எலும்பு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 1991-இல் குளியலறையில் வழுக்கினாள். பெரிய விழுதல்கூட இல்லை, உட்கார்ந்த மாதிரிதான். இடுப்பெலும்பு முறிந்தது. எட்டு மாதம் படுக்கை. யாருக்கும் ஒரு வேலை வைக்காத மனுஷி. நான் பெட்பேன் வைக்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

இவருக்கு 73 வயசு. எனக்கு யார் வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டேன். இவர்தான் வைப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயந்திரம், "ஊசி போட்டுக்கறேன்" என்றேன்.

போட்டுக்கொள்கிறேன் என்றால் உடனே போட்டுவிடுவார்களா? முதலில் பல் டாக்டர். தாடை விஷயத்தில் மாமி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கிற அளவில் ரொம்ப அபூர்வமாம். ஆனாலும் பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கிவிடுவது நல்லது. ஒரு கடைவாய்ப் பல்லைத் தாரை வார்த்தேன். பிறகு ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டி-யும் பார்த்தார்கள். கால்சியம் குறைந்திருந்தால் ஊசி அதை இன்னும் இறக்கிவிடும். வைட்டமின் டி பற்றாக்குறை! சென்னை வெயிலில் வடாம் காய வைத்த எனக்கு! வடாம்தான் காய்ந்ததே தவிர, நான் நிழலில் உட்கார்ந்து காக்காய் ஓட்டியிருக்கிறேன்.

அதற்கும் மருந்து சாப்பிட்டு, ஒரு வழியாக நாள் குறித்தாயிற்று. மருந்தைக் குளிர்ச்சியாகவே கொண்டு வர வேண்டும். இவர் கடையிலிருந்து தெர்மாகோல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். ஆட்டோக்காரர், "ஐஸ்கிரீமா சார்?" என்றாராம். "இல்லைப்பா, சம்சாரத்தோட முதுகெலும்பு" என்றாராம் இவர்.

கிளினிக்கில் ஊசியை வெளியே எடுத்து அரை மணி நேரம் வைத்து, குளிர் போன பிறகுதான் போடுவார்கள். அந்த அரை மணியில் எனக்குத் தெரிந்த அத்தனை தெய்வங்களையும் கூப்பிட்டுவிட்டேன். நர்ஸ் பெண் கையில் பஞ்சால் துடைத்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"முடிஞ்சுதும்மா."

"எது?"

"ஊசிதான்."

மூன்று மாதம் தூக்கம் கெட்டதற்கு ஒரு கொசுக்கடி! எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இப்போது கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி, காலையில் கேழ்வரகுக் கஞ்சி, வெயிலில் நடை. குளியலறையில் கைப்பிடி வைத்தாயிற்று. துவையலும் உண்டு. "தாராளமா சாப்பிடுங்க, ஆனா ஊசிக்குப் பதிலா இல்லை" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். போன 5 செ.மீ. திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு.

அடுத்த தேதியைக் காலண்டரில் எழுதப் போனால், அது அடுத்த வருஷத்தில் வருகிறது. அந்தக் காலண்டர் இன்னும் அச்சாகவே இல்லை. பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இவரும் தன் பழைய பிரீமியம் டைரியில் சிவப்பு மையால் 'டியூ டேட்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். சர்வீஸில் ஒரு பாலிசியையும் லேப்ஸ் ஆக விட்டதில்லை என்று பெருமை வேறு.

போன வாரம் தச்சரைக் கூட்டி வந்து, முக்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மேல் ஷெல்ஃபைக் கழற்றி அரை அடி கீழே மாட்டச் சொன்னார். இப்போது கையை நீட்டினால் பெருங்காய டப்பா அகப்படுகிறது.

"பார்த்தீங்களா, நீங்கதான் உயர்த்தி மாட்டியிருந்தீங்க. இப்ப ஒத்துக்கிட்டீங்க!" என்றேன்.

டேப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன்.