‘கேமிங்’ என்னும் அடைமொழியும் ஆய்வாளரின் ஒரு லட்சமும்

மொழியியல் ஆய்வாளருக்குக் கேமிங் மடிக்கணினி எதற்கு என்று கேட்போர் இன்னும் நம் துறைகளில் இருக்கிறார்கள். கேட்பவர் நெறியாளராக இருக்கலாம், நிதிப்பிரிவு அலுவலராக இருக்கலாம், உடன் ஆய்வு செய்யும் நண்பராகவும் இருக்கலாம். அவர்களுக்கான விடை இது. கூடவே இன்னொரு தரப்பையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. கையிலுள்ள ஒரு லட்சத்துக்குச் சந்தையில் கிடைக்கும் மிகப் பெரிய எண்ணுள்ள கணினியை வாங்கிவிட்டால் ஆய்வு நடந்துவிடும் என்று நம்பும் மாணவர் தரப்பு அது. இரு தரப்பாரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்: பெயரைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையிலான உறவு இடுகுறித் தன்மையது என்று முதலாண்டு வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். விலைப்பட்டியலில் அச்சான ஒரு சொல்லைக் கண்டதும் அந்தப் பாடம் எங்கே போகிறது?

முதலில், தேவை எங்கிருந்து எழுகிறது என்று பார்ப்போம். ராமகுப்பத்திலிருந்து எழுதுகிறேன். சித்தூர் மாவட்டத்தின் இந்த மூலையில் ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் நெருங்கி வருகின்றன. தெலுங்கும் தமிழும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் காதில் விழும். தமிழோடு நெருங்கிய உறவுடைய எருகலா மொழி பேசுவோரும் இம்மாவட்டத்தில் உண்டு. திராவிட மொழிகளுக்கெனவே 1997இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் பக்கத்துக் குப்பத்தில் அமைந்தது தற்செயல் அன்று. இத்தகைய நிலத்தில் பதிவு செய்யப்படும் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்துப்பெயர்த்து, உருபன் பிரித்து, பொருள் எழுத ஒரு வாரம்கூடப் பிடிக்கும். நாற்பது மணி நேரப் பதிவோடு திரும்பும் ஆய்வாளர் ஏறத்தாழ ஓராண்டை அதிலேயே கழிக்க நேரிடும். முதல் வரைவை இயந்திரம் எழுதி, ஆய்வாளர் அதைத் திருத்துவதாக அமைந்தால் அந்த ஓராண்டில் பெரும்பகுதி பகுப்பாய்வுக்குத் திரும்பக் கிடைக்கும். என் வாதம் முழுவதும் அந்த ஓராண்டைப் பற்றியது.

பிராட்டும் ஈலானும் போதாவா எனலாம். ஒலியலைப் பகுப்புக்கும் குறிப்பேற்றத்துக்கும் அவை போதும். எந்தச் சாதாரண மடிக்கணினியிலும் அவை ஓடும். உங்கள் ஆய்வு அவற்றோடு முடியுமானால் கேமிங் கணினி உங்களுக்கு வேண்டாம். குறைந்த விலையில் ஒரு கணினியை வாங்கி, மிஞ்சும் பணத்தில் நல்ல ஒலிவாங்கி ஒன்றை வாங்குங்கள். ஆய்வுக்கு அதுவே பெரிய பயன். பேச்சறி மாதிரிகளையும் மொழி மாதிரிகளையும் கையாள வேண்டியவர்களுக்கே மேற்கொண்டு சொல்வது.

2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்னும் பேச்சறி மாதிரியை எடுத்துக்கொள்வோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் அதன் மொழிப்பட்டியலில் உள்ளன, எருகலா இல்லை. ஆகவே நம் தரவைக் கொண்டு அதற்கு மேற்பயிற்சி அளித்தாக வேண்டும். அதன் ‘ஸ்மால்’ வடிவில் 24.4 கோடி அளவுருக்கள். ‘மீடியம்’ வடிவில் 76.9 கோடி. வழக்கமான முறையில் முழுப் பயிற்சி அளிக்க, ஓர் அளவுருவுக்குச் சுமார் 16 பைட் நினைவகம் வேண்டும். எடைகள், சரிவுகள், உகப்பாக்கி வைத்திருக்கும் கணக்கு எல்லாம் சேர்ந்த அளவு இது. ஸ்மாலுக்கு ஏறத்தாழ 4 ஜிபி, மீடியத்துக்கு 12 ஜிபி. இடைக்கணிப்புகளுக்கான இடம் தனி. இந்த நினைவகம் கணினியின் பொது ரேம் அன்று, வரைகலைச் செயலியோடு ஒட்டிய வரைகலை நினைவகம். 6 ஜிபியில் ஸ்மாலைப் பயிற்றுவிப்பதே மூச்சுமுட்டும். 8 ஜிபியில் ஸ்மாலைப் பயிற்றுவிக்கலாம். மீடியத்துக்கு, அளவுருக்களில் மிகச் சிறு பகுதியை மட்டும் பயிற்றுவிக்கும் ‘லோரா’ போன்ற சிக்கன முறைகள் வேண்டும். 12 ஜிபி இருந்தாலும் மீடியத்தின் முழுப் பயிற்சி அடங்காது.

பனுவலில் வேலை செய்வோருக்கு இன்னொரு சுமை உண்டு. ‘தமிழ்’ என்ற சொல் இலக்கணப்படி மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியிடங்கள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். ரோமன் எழுத்தில் அதே பெயர் 5 பைட்டில் முடிந்துவிடும். ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு உருவான டோக்கனாக்கிகள் தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாக உடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டோக்கன் பெருகினால் நினைவகமும் நேரமும் பெருகும். ஆங்கிலப் பனுவலை ஆராய்பவருக்குப் போதுமான கருவி, அதே அளவு தமிழ்ப் பனுவலை ஆராய்பவருக்குப் போதாமல் போகலாம். ‘மொழித்துறைக்கு எளிய கணினி போதும்’ என்ற வாதம் இந்த இடத்தில் தலைகீழாகிறது: திராவிட மொழிகளை ஆராய்பவருக்குத்தான் கூடுதல் கணிப்பாற்றல் தேவை.

இனி எண்ணை நம்பும் நண்பர்களிடம் வருகிறேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 மடிக்கணினிச் செயலிக்கு 6 ஜிபி. 4060க்கு 8 ஜிபி. 4070க்கும் அதே 8 ஜிபிதான். அடுத்த தலைமுறையின் 5060க்கு 8 ஜிபி. 5070 என்றே விற்கப்பட்ட செயலிக்கும் 8 ஜிபி. 12 ஜிபி வேண்டுமானால் 4080க்கோ 5070 டிஐக்கோ போக வேண்டும். அவை புதிதாக ஒரு லட்சத்துக்குள் அடங்குபவை அல்ல. 4060இலிருந்து 4070க்குத் தாவக் கூடுதல் பணம் கொடுப்பவர் வேகத்தை வாங்குகிறார்; இடத்தை வாங்கவில்லை. 8 ஜிபியில் அடங்காத மாதிரி இரண்டிலும் அடங்காது. பத்து மணி நேர வேலை எட்டு மணி நேரத்தில் முடிவது நல்லதுதான். ஓடாத வேலையை ஓடவைப்பதோ வேறு கதை; அதற்கு நினைவகம் ஒன்றே வழி.

பெயர் வேறு வகையிலும் ஏமாற்றும். மேசைக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3060 அட்டை 12 ஜிபி வடிவில் வந்தது. அதே பெயருள்ள மடிக்கணினிச் செயலிக்கு 6 ஜிபி. மேலும், மடிக்கணினியின் 4060க்கு 35 முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்னாற்றல் தருவது என்பதை உற்பத்தியாளரே முடிவு செய்யலாம். மெல்லிய உடலும் குறைந்த வாட்டும் கொண்ட 4060, தடித்த உடலும் நிறைந்த வாட்டும் கொண்ட 4060க்கு வெகுவாகப் பின்தங்கும். கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்பார். வாட் அளவு விவரக்குறிப்பில் இல்லையென்றால் அந்தக் கணினியை வாங்காதீர்கள்.

ஆகவே பணம் வரையறுக்கப்பட்ட ஆய்வாளருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் வரைகலை நினைவகம், ஏனெனில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பின்னால் கூட்ட முடியாது. அடுத்து வாட்டும் குளிர்விப்பும். மூன்றாவதாக, ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் காலியிடம். 16 ஜிபி ரேமோடு வாங்கி, அடுத்த ஆண்டு கூட்டிக்கொள்ளலாம். திரையின் புதுப்பிப்பு வேகம், விசைப்பலகையின் வண்ண விளக்கு, உச்ச வகை மையச் செயலி ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஆய்வு மென்பொருள்களில் மிகப் பல குடா என்னும் என்விடியாவின் தளத்தை முன்னிட்டே எழுதப்படுகின்றன. மலிவு கருதி வேறு செயலிக்குப் போகிறவர் தம் நேரத்தை விலையாகக் கொடுப்பார். மின்கலத்தில் ஓடும்போது இந்தக் கணினிகளின் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதால், கள ஆய்வில் பதிவு மட்டும், பயிற்சியெல்லாம் விடுதி திரும்பிய பிறகு என்று திட்டமிடுங்கள்.

இப்போது ‘கேமிங்’ என்ற சொல்லையே தடையாகக் கருதும் கொள்முதல் குழுக்களுக்கு ஒரு கேள்வி. என்விடியா ‘ஆர்டிஎக்ஸ் 2000 ஏடா’ என்ற பெயரில் பணிநிலைய மடிக்கணினிகளுக்கு ஒரு செயலி விற்கிறது. அதன் சில்லு ஏடி107, 3072 கணிப்புக் கருக்கள், 8 ஜிபி. கேமிங் வகையில் வரும் 4060 மடிக்கணினிச் செயலியின் சில்லும் அதே ஏடி107. அதே 3072 கருக்கள். அதே 8 ஜிபி. மென்பொருள் இயக்கியிலும் சான்றளிப்பிலும் வேறுபாடு உண்டு. பொறியியல் வரைவு மென்பொருள்களுக்கு அது பயன்படும். பேச்சறி மாதிரியைப் பயிற்றுவிப்பதற்கு அந்தச் சான்றளிப்பு எந்த விதத்திலும் உதவாது. ‘பணிநிலையம்’ என்று எழுதினால் கூடுதல் விலையில் ஒப்புதல், ‘கேமிங்’ என்று எழுதினால் குறைந்த விலையிலும் மறுப்பு என்றால், அங்கே காக்கப்படுவது பொதுப்பணமா, ஒரு சொல்லின் மானமா?

பணத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2023 ஜனவரி முதல் யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. கருவி, நூல், பயணம் எல்லாவற்றுக்குமான இதரச் செலவுத் தொகை மொழி, மானுடவியல் துறைகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் தலா 10,000. அடுத்த மூன்று ஆண்டுகள் தலா 20,500. ஐந்தாண்டுக்கும் சேர்த்து 81,500 ரூபாய். முழுத் தொகையையும் சேர்த்து வைத்தாலும் ஒரு லட்சம் ரூபாய்க் கணினிக்கு எட்டாது. சேர்ந்து முடியும்போது ஆய்வும் முடிந்திருக்கும். அறிவியல் துறைகளுக்கு இது 12,000, 25,000 என்ற விகிதத்தில் 99,000 ரூபாய். 8 ஜிபி கணினியை அறிவியல் மாணவருக்கு ஒரு விலைக்கும் மொழியியல் மாணவருக்கு இன்னொரு விலைக்கும் எந்தக் கடையும் விற்பதில்லை. இருந்தும் 17,500 ரூபாய் வேறுபாடு தொடர்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகை மாதம் 8,000 மட்டுமே. அவர்களுக்கு இந்தக் கணினி ஓராண்டு வருமானம். வாங்கும் ஒரு லட்சத்தில் 15,254 ரூபாய் 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக அரசுக்கே திரும்பிப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘எல்லாம் மேகக் கணினியில் இலவசமாகக் கிடைக்கிறதே’ என்பது வழக்கமான மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கூகுள் கோலாபும் காகிளும் நம்மைப் போன்றோருக்குப் பேருதவி. பொதுவெளியில் உள்ள தரவைக் கொண்டு பயிற்சி அளிப்பதற்கு நானும் அவற்றையே பரிந்துரைப்பேன். ஆனால் களத்தில் ஒரு மூதாட்டி தம் குடும்பக் கதையைச் சொல்லும்போது தரும் ஒப்புதல், எதிரில் அமர்ந்திருக்கும் ஆய்வாளருக்குத் தந்த ஒப்புதல். அந்தக் குரலை ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் ஏற்றுவதற்கு அவர் சம்மதித்தாரா? நெறிமுறைக் குழுவின் படிவத்தில் கையெழுத்திட்ட நாம் இதைக் கேட்டுக்கொண்டாக வேண்டும். இலவச அமர்வு பாதியில் அறுந்தால் பயிற்சியும் அறும் என்பதும், மண்டலத்தின் ஊர்ப்புறங்களில் பல ஜிபி ஒலிக்கோப்பை ஏற்ற ஓர் இரவு போதாது என்பதும் அதன் பிறகு வரும் சிக்கல்கள். 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 10,372 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த இந்தியாஏஐ திட்டத்தில் சலுகை விலைக் கணிப்பாற்றலும் ஒரு கூறு. அதை வரவேற்கிறேன். அது நம் மொழித்துறைகளின் வாசல்வரை வரும் வழியைத் துறைத்தலைவர்கள்தாம் கேட்டுப் பெற வேண்டும்.

இந்த வட்டாரத்துக்குக் கணினித் திட்டங்கள் புதியவை அல்ல. 2002இல் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து குப்பத்தில் ‘ஐ-கம்யூனிட்டி’ திட்டத்தைத் தொடங்கியது. அது மூன்றாண்டுத் திட்டம். திட்டமாக வரும் கருவி திட்டத்தின் ஆயுள்வரைதான் பேணப்படும். நூலகத்துக்கு நூல் வாங்குவதைப் போல, துறையின் வழக்கமான செலவாகக் கணிப்பாற்றல் மாறினால்தான் அது நிலைக்கும். பள்ளி மாணவருக்கு மடிக்கணினி தருவது பொதுச்செலவு என்பதைத் தமிழ்நாடு 2011இலேயே ஏற்றுக்கொண்டது. முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மட்டும் அது சொந்தச் செலவாக இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எனவே கோரிக்கைகள் மூன்று. ஒன்று: கொள்முதல் விதிகளில் ‘கேமிங்’ என்ற சொல்லை அளவுகோலாகக் கொள்ளாமல், வரைகலை நினைவகம், வாட், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதி அவற்றைக் கொண்டு ஒப்புதல் வழங்குக. இரண்டு: இதரச் செலவுத் தொகையில் மொழித்துறைக்கும் அறிவியல் துறைக்கும் உள்ள வேறுபாட்டை நீக்குக. மூன்று: ஒவ்வொரு மொழியியல் துறையும் 16 ஜிபிக்குக் குறையாத வரைகலை நினைவகமுள்ள ஒரு மேசைக்கணினியையாவது யுபிஎஸ்ஸோடு வாங்கி, ஆய்வாளர்கள் முறைவைத்துப் பயன்படுத்தத் திறந்துவிடுக. ஒரே விலைக்கு மேசைக்கணினி மடிக்கணினியைவிடக் கூடுதல் ஆற்றல் தரும். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் மாதிரி அதில் ஓடலாம்.

மூன்றாவது கோரிக்கை நிறைவேறினால் இதைப் படிக்கும் மாணவர்களில் பலர் கேமிங் மடிக்கணினி வாங்கவே வேண்டியிராது. அது நிறைவேறும்வரை, உங்கள் துறையின் அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டத்தில் 81,500 என்ற எண்ணைச் சொல்லுங்கள்; அதில் என்ன வாங்கலாம் என்று குழுவையே கேளுங்கள்.