தறியின் ஓசைக்கு ஏடு எங்கே?

மான்செஸ்டர் என்ற பெயரைக் கேளாத தமிழர் குறைவு. கோவை மாநகரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று அழைத்துப் பழகிய நாவு நம்முடையது. பட்டமாக அந்தப் பெயரை வாங்கிச் சூட்டிக்கொண்டோம். பள்ளிப் புத்தகத்திலும் அச்சிட்டோம். ஆனால் அந்த நகரம் தன் கடந்த காலத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது, அந்த நினைவை யார் காத்தார்கள், எதற்காகக் காத்தார்கள் என்று நாம் கேட்டதுண்டா? கேட்க வேண்டும், தோழர்களே! சிறுமலையின் அடிவாரத்தில், திண்டுக்கல்லுக்குத் தெற்கே, தறியை நம்பி வளர்ந்த சின்னாளப்பட்டி போன்ற ஊர்களில் கழகப் பணியும் சங்கப் பணியும் ஆற்றுவோர் கட்டாயம் கேட்க வேண்டும்.

பஞ்சால் எழுந்த நகரம் மான்செஸ்டர். அதை அடுத்த பரி என்னும் ஊரைச் சேர்ந்த ஜான் கே என்பவர், கயிற்றை இழுத்தால் நாடா தானே பறந்தோடும் அமைப்பை 1733இல் கண்டுபிடித்தார். இன்றும் நம் கைத்தறிகளில் இடமும் வலமும் ஓடும் நாடா அந்த மரபில் வந்ததுதான். 1785இல் விசைத்தறிக்கு உரிமம் பெறப்பட்டது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் இலங்காஷயரின் கைத்தறி நெசவாளர் கூலி குறைந்து, குடி பெயர்ந்து, ஒரு வகுப்பாகவே மறைந்தனர். நம் நெசவாளரின் வாழ்வைக் குலைத்த அதே எந்திரம், முதலில் தன் நாட்டு நெசவாளரின் அடுப்பைத்தான் அணைத்தது! பின்னர், 1913ஆம் ஆண்டில் பிரிட்டன் ஏற்றுமதி செய்த துணி ஏறத்தாழ 700 கோடிக் கஜம். அதன் மிகப் பெரிய சந்தை எது? நம் இந்தியா.

அந்த மறைந்த நெசவாளர்கள் வாய்மூடி மறையவில்லை. 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் கூடினர். பெருந்தொகையினர் கைத்தறி நெசவாளரும் அவர்தம் மனைவி மக்களும். கேட்டது வாக்குரிமை, கிடைத்தது வாள்வீச்சு. குதிரைப்படை கூட்டத்துள் பாய்ந்தது. குறைந்தது பதினைந்து பேர் மாண்டனர். 600க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் நெப்போலியனை வென்ற வாட்டர்லூவைச் சுட்டி, ‘பீட்டர்லூ’ என்று அந்தக் கொடுமைக்குக் கேலிப் பெயர் பிறந்தது.

இனிக் கேளுங்கள். 1972ஆம் ஆண்டு அங்கே ஒரு நீலநிறப் பலகை பொருத்தப்பட்டது. அதில் என்ன இருந்தது? கூட்டம் நடந்தது, படையினர் அதைக் கலைத்தனர் என்ற அளவிலே செய்தி முடிந்தது. கலைத்தனராம்! காக்கைக் கூட்டத்தைக் கைதட்டிக் கலைப்பதைப் போல! மாண்டவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. குருதியைப் பற்றி ஓர் எழுத்தில்லை. நகர மக்களில் சிலர் இதை எதிர்த்து இயக்கம் கண்டனர். மனு கொடுத்தனர், கூட்டம் போட்டனர், கேலிக்கும் ஆளாயினர். 2007இல் அந்தப் பலகை அகற்றப்பட்டுச் செந்நிறப் பலகை வந்தது. அமைதியாகக் கூடிய மக்கள் ஆயுதப்படையால் தாக்கப்பட்டதையும், மாண்டோர் தொகையையும், காயமுற்றோர் தொகையையும் அது சொல்கிறது. 2019இல், இருநூறாம் ஆண்டில், நினைவுச் சின்னமும் எழுந்தது.

ஒரு பலகையில் நாலு சொல்லை மாற்ற இத்தனை பாடா என்பீர்கள். ஆம், இத்தனை பாடுதான். ‘கலைத்தனர்’ என்ற சொல் ஆள்வோரின் வரலாறு. ‘கொன்றனர்’ என்ற சொல் ஆளப்பட்டோரின் வரலாறு. இரண்டுக்கும் இடையே 188 ஆண்டுகள் கிடந்தன.

சான்று இல்லாமல் அந்த வழக்கில் வென்றிருக்க முடியுமா? முடியாது. அன்று அந்தத் திடலுக்குத் தன் ஊராரை அழைத்துச் சென்றவர் சாமுவேல் பாம்ஃபோர்டு என்னும் நெசவாளர். சிறை சென்று மீண்ட அவர், கண்டதையும் பட்டதையும் தாமே எழுதிவைத்தார். அவரைப் போன்றோர் எழுதியதைத் தேடித் திரட்ட நம் காலத்திலும் இருவர் முன்வந்தனர்: எட்மண்டு ஃப்ரோ, ரூத் ஃப்ரோ தம்பதியர். அவர் பொறித்தொழிலாளி, இவர் பள்ளி ஆசிரியை. சந்து பொந்தெல்லாம் திரிந்து, தொழிலாளர் இயக்கத்தின் நூல்களையும் துண்டறிக்கைகளையும் சங்கக் குறிப்பேடுகளையும் வாங்கி வாங்கித் தம் வீட்டை நிரப்பினர். வீடு கொள்ளாமற்போகவே, 1987இல் அந்தச் செல்வம் அருகிலுள்ள சால்ஃபோர்டுக்கு மாறியது. இன்று தொழிலாளர் இயக்க நூலகமாக அது விளங்குகிறது. கோடீசுவரர் கொடுத்த கொடையல்ல அது. சம்பளக்காரர் இருவர் சேர்த்த சேமிப்பு.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

சின்னாளப்பட்டிச் சேலை என்றால் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிப் பட்டை எட்டிப் பார்க்கவும் வழியில்லாத வீடுகளில், மகளின் மணநாளுக்குச் செயற்கைப் பட்டிழையில் பளபளத்த அந்தச் சேலைதான் பட்டு. ஏழையின் பட்டுக்கு ஊர் இது. சுங்குடிக்கும் ஊர் இது. விரல் நுனியால் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிந்து, சாயத்தில் தோய்த்து, உலர்ந்த பின் முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளிகள் விண்மீன்போல் பூக்கும். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சு. முடிந்தது யார் கை? பெரும்பாலும் பெண்களின் கை. அந்தக் கைகளில் ஒன்றின் பெயரையேனும் எந்த ஏட்டிலாவது பார்த்திருக்கிறோமா?

2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி, மதுரை நம் மதுரைதான். ஆனால் பெயர் எப்படிக் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தகைய விண்ணப்பத்தில் தோற்றத்துக்கான சான்று கேட்கிறார்கள். பழைய நூல் எங்கே, பதிவு எங்கே, ஆவணம் எங்கே என்கிறார்கள். “எங்கள் பாட்டி முடிந்தாள்” என்று சொன்னால் போதாது. அந்தப் பாட்டியின் வாய்மொழி எழுத்தில் இருக்க வேண்டும். எழுதிவைத்த ஊர் பெயர் பெறுகிறது. எழுதிவைக்காத ஊர் சேலை கட்டி முடித்து, மடித்துக் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நிற்கிறது.

1947இல் மருத்துவர் சௌந்தரம் அம்மையார் இந்த ஊரில் இரண்டு படுக்கைகளுடன் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். அது காந்திகிராமத்தில் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. அருகே 1956இல் எழுந்த கிராமியக் கல்வி நிலையம் 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. நிறுவியோர் வரலாறு நூல்களில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அந்த முதல் இரண்டு படுக்கைகளில் படுத்த நெசவாளர் வீட்டுப் பெண்களின் வரலாறு? அது எந்த அலமாரியில் இருக்கிறது?

1953ஐ நினைவு கொள்ளுங்கள். கைத்தறித் துணி தேங்கித் தமிழ்நாட்டு நெசவாளர் பட்டினியில் வாடிய காலம். அறிஞர் அண்ணாவும் அவர்தம் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் இராசாசியே மத்திய அரசிடம் வாதாடினார். இவையெல்லாம் பதிவில் உள்ளன. சின்னாளப்பட்டியின் ஒரு தறி வீட்டில் அந்த மாதங்களில் அடுப்பு எத்தனை நாள் எரிந்தது, கஞ்சித் தொட்டிக்கு யார் அரிசி கொடுத்தார், எந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று என்பது எங்கே உள்ளது? அன்று பத்து வயதாயிருந்தவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. நாம் காத்திருக்கலாம், தோழர்களே; அவர் காத்திருக்க மாட்டார்.

“வயிறு காய்பவனிடம் பழங்கதை கேட்கவா போவது? நூல் விலையைக் குறை, கூலியை உயர்த்து, அதுதானே அரசியல்?” என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் கூலியை உயர்த்தக் கேட்கும்போது முதலில் வைக்க வேண்டியது என்ன? நேற்றைய கூலிப் பட்டியல்! 1985இல் கைத்தறிக்கென்று இரகங்களை ஒதுக்கச் சட்டம் வந்தது. முதலில் 22 இரகம் ஒதுக்கப்பட்டது. பின்னர் அது 11ஆகச் சுருங்கியது. ஒவ்வோர் இரகம் பறிபோனபோதும் எத்தனை தறி நின்றது என்று ஊர்வாரியாகச் சொல்லக் கையில் கணக்கு வேண்டாமா? நினைவு என்பது ஓய்வு நேரத்து ஆராய்ச்சியன்று. அது உரிமைப் போரின் வழக்குக் கட்டு.

ஒன்று சொல்வேன்: எழுதும்போது நமக்கு வேண்டியதை மட்டும் எழுதலாகாது. மான்செஸ்டரின் பஞ்சு அமெரிக்க அடிமைகளின் வியர்வையில் விளைந்தது. உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று ஆலைகள் மூடிய 1862இல், அந்நகரத் தொழிலாளர் கூடி அடிமை ஒழிப்புக்கு ஆதரவாக லிங்கனுக்கு மடல் விடுத்தனர். லிங்கன் நன்றி கூறி விடை எழுதினார். கறையும் பெருமையும் இரண்டுமே அந்நகரின் நினைவில் நிற்கின்றன. நம் ஊரிலும் அப்படியே இருக்கட்டும். நூல் கொடுத்துச் சேலை வாங்கிய பெரிய நெசவாளிக்கும் கூலிக்கு நெய்தவருக்கும் இடையே நடந்த வழக்கு, தார் சுற்றிய பெண்ணுக்குத் தனிக் கூலி இல்லாமற்போன கதை, சாயப்பட்டறைத் தண்ணீர் எங்கே ஓடியது என்ற கேள்வி எல்லாம் ஏட்டில் ஏற வேண்டும். நம்மைச் சுடும் உண்மையையும் எழுதினால்தான், பிறரைச் சுடும் உண்மையை எழுதும் தகுதி நமக்கு வரும்.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு கிளையும் தன் படிப்பகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்கட்டும். இளைஞர் இருவர் இருவராகத் தெருவுக்குச் செல்லட்டும். கைப்பேசி இல்லாத இளைஞர் இன்று யார்? முதியவரின் பேச்சைப் பதியலாம். அவர் ஒப்புதல் பெற்று எழுதலாம். கூட்டுறவுச் சங்கத்துப் பழைய பாசுபுத்தகம், கூலிச் சீட்டு, வேலைநிறுத்தத் துண்டறிக்கை, திருமணச் சேலையின் கிழிந்த முந்தானை, நின்றுபோன தறியின் நாடா எதையும் பழைய பொருள் வாங்குபவரிடம் போட விடாதீர்கள். பாவு நீட்டிய தெருக்கள் எவை, சாயத்தொட்டி இருந்த இடம் எது என்று ஊர்ப் படத்தில் குறியுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். சொல்லத் தெரிந்தவர் சொல்லட்டும்.

நீலப் பலகை எழுதுவோர் எக்காலத்தும் இருப்பர். செந்நிறப் பலகைக்கு வேண்டிய சொற்களை இன்றே தேடி வைப்பது நம் வேலை. தறியின் ஓசை அடங்குமுன் தொடங்குங்கள்!