நூற்பட்டியலில் இல்லாத நோயாளி

களியக்காவிளையையும் பாறசாலையையும் கடந்து திருவனந்தபுரத்தின் கண் மருத்துவமனைகளுக்கு வருவோருள் குமரி மாவட்டத்துத் தமிழர் எப்போதும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்–கொச்சி அரசின் கீழ் இருந்தவை. எல்லைக்கோடு மாறிய பின்னும், பெரிய நோய் என்றால் பழைய தலைநகரை நாடும் பழக்கம் மாறவில்லை. அவ்வாறு வருகிறவர் அமரும் நாற்காலிக்கு அருகில் ரெட்டினோஸ்கோப்புடன் நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆப்டோமெட்ரி மாணவர், அல்லது அண்மையில் பட்டம் பெற்றவர். அவருக்குக் கல்லூரி தந்த பரிந்துரை நூற்பட்டியல் நீளமானது. எதிரே அமர்ந்திருக்கும் இந்த நோயாளியிடம் எந்தச் சொல்லால் கேள்வி கேட்பது என்பதைக் கற்றுத்தரும் நூல் மட்டும் அதில் இல்லை.

இது சிறிய குறையன்று. கண்ணாடியின் அளவை இறுதியாக முடிவு செய்வது கருவியன்று. நோயாளி சொல்லும் விடை. கேள்வி பிழைத்தால் விடை பிழைக்கும். விடை பிழைத்தால் கண்ணாடி பிழைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். கிட்டப்பார்வை உள்ள இளைஞர் ஒருவருக்குத் தேவைக்கு மேல் ஒரு மைனஸ் வில்லையைக் கூட்டி வைத்தால் எழுத்துகள் சற்றுச் சிறிதாகவும் கறுப்பாகவும் தோன்றும். கண்ணின் தகவமைப்பு அந்த மிகையை ஈடுசெய்துவிடுவதால், ‘இது நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் அவர் ‘ஆம்’ என்றே சொல்வார். அந்த ‘ஆம்’ அவருக்கு மிகையான பவரையும், மாலை நேரத் தலைவலியையும் பரிசாகத் தரும். ‘எழுத்து தெளிவாகிறதா, அல்லது சிறிதாகவும் கறுப்பாகவும் மட்டும் ஆகிறதா?’ என்று பிரித்துக் கேட்கப் பழக்குவது ஆங்கிலவழிப் பயிற்சியில் வழக்கம். ஆனால் சிவப்பு–பச்சைச் சோதனைக்கு வரும்போது நிலைமை தலைகீழ்: அங்கே எந்தப் பக்கத்து எழுத்து கூடுதல் கறுப்பாகத் தெரிகிறது என்பதே சரியான கேள்வி. ஒரு சோதனையில் பொறியாக இருக்கும் சொல் மறு சோதனையில் விடையாகிறது. இந்த நுட்பத்தை மலையாளத்தில் கேட்க முயலும் மாணவர் உடனே ஒரு சிக்கலைச் சந்திப்பார். மலையாளத்தின் ‘தெளிச்சம்’ ஒளியையும் குறிக்கும், தெளிவையும் குறிக்கும். பச்சைப் பக்கம் கண்ணுக்கு வெளிச்சமாகப்படுவதால் நோயாளி பச்சை என்பார். மாணவர் அதைத் தெளிவு என்று குறித்துக்கொள்வார்.

சொற்களின் உறவு எப்போதும் இவ்வளவு இடர்ப்பாடானதும் அன்று. நாற்பதைத் தாண்டியவரின் கிட்டத்துப் படிப்புக் குறையைத் தமிழும் மலையாளமும் ஒரே அழகிய சொல்லால் குறிக்கின்றன: வெள்ளெழுத்து. ‘பிரஸ்பயோபியா’ என்று முதலாண்டு முழுவதும் மனப்பாடம் செய்த மாணவர், நோயாளியிடம் இச்சொல்லைச் சொன்ன கணத்தில் விளக்கமே தேவையற்றுப் போவதைக் காண்பார். மறுபுறம், மலையாளி ‘திமிரம்’ என்பதைத் தமிழர் ‘கண்புரை’ என்பார். ‘கோங்கண்’ என்பது ‘மாறுகண்’ ஆகும். ‘கண்ணில் பூ விழுந்திருக்கிறது’ என்று ஒரு மூதாட்டி சொன்னால், அது கருவிழித் தழும்பாகவும் இருக்கலாம், முற்றிய புரையாகவும் இருக்கலாம்; விளக்கொளியில் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இவையனைத்தும் நாற்பது பக்கச் சிறு நூலில் அடங்கிவிடும்.

இனி, பட்டியலில் இருக்கும் நூல்களைப் பற்றி. கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமானாலும் தமிழக, கர்நாடகக் கல்லூரிகளானாலும் சுற்றிச்சுற்றி வரும் பெயர்கள் ஏறத்தாழ ஒன்றே. அவற்றுள் முதன்மையானது போரிஷின் ‘கிளினிக்கல் ரிஃப்ராக்‌ஷன்’. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் தொழில் நடத்திவந்த இர்வின் போரிஷ் 1949இல் வெளியிட்ட நூல் அது; பின்னர் வில்லியம் பெஞ்சமினின் பதிப்பாசிரியத்தில் பலர் எழுதிய பெருந்தொகுப்பாக விரிந்து, 2006ஆம் ஆண்டுப் பதிப்பில் 1,600 பக்கங்களையும் தாண்டியது. ஆசிரியர்கள் அதைப் பட்டியலின் தலையில் வைப்பதில் வியப்பில்லை. ஆயினும் இளநிலை மாணவர் அதை முதலிலிருந்து படிக்க வேண்டிய நூலாகக் கருதுவது, அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிக்க முயல்வதைப் போன்றது. அது நூலகத்தில் இருக்க வேண்டிய நூல். ஒரு குறிப்பிட்ட ஐயத்துடன் சென்று திறக்க வேண்டிய நூல். பட்டியல் இதைச் சொல்வதில்லை. விளைவாக, மாணவர் விலையைப் பார்த்து அஞ்சி, நகலகத்தில் கிடைக்கும் வினா–விடைக் கட்டுக்குப் போய்விடுகிறார்.

டியூக்-எல்டரின் ‘பிராக்டிஸ் ஆஃப் ரிஃப்ராக்‌ஷன்’ 1928இல் வந்தது; பிற்காலத்தில் டேவிட் ஏப்ரம்ஸ் திருத்தியமைத்தார். வயதான நூல்தான், ஆனால் ஒளிவிலகலின் தருக்கத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் நூல்கள் குறைவு. ஏ. கே. குரானாவின் ‘காம்ப்ரிஹென்சிவ் ஆப்தல்மாலஜி’ இந்தியாவெங்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்களின் கைநூல், நோய்களை அறிய அதுவே போதும். இங்கேதான் பட்டியல்களின் ஒரு பழைய குழப்பம் வெளிப்படுகிறது. கண் மருத்துவமும் ஆப்டோமெட்ரியும் ஒன்றல்ல. மருத்துவ மாணவர்களுக்காக எழுதப்பட்ட நூலை மட்டும் படித்துத் தேர்ச்சி பெற்றவர் நீரழுத்த நோயின் வகைகளை வரிசையாகச் சொல்வார். ஆனால் ரெட்டினோஸ்கோப்பின் நிழல் கத்தரிக்கோலைப் போல் இரண்டாகப் பிரிந்து நகரும்போது என்ன செய்வது என்று தடுமாறுவார். ஒளியியலும் நோயியலும் நெடுங்காலம் தனித்தனி அறைகளில் கற்பிக்கப்பட்டதன் எச்சம் இது.

ஒரே ஒரு நூலைத்தான் சொந்தமாக வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள மாணவருக்கு டேவிட் எலியட்டின் ‘கிளினிக்கல் புரொசீஜர்ஸ் இன் பிரைமரி ஐ கேர்’ தகும். (எலியட் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவில் எழக்கூடியவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பூர் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து நீரழுத்த நோய்க்கு ஓர் அறுவை முறை வகுத்த ராபர்ட் ஹென்றி எலியட், இவர் வேறு.) ஒவ்வொரு சோதனையையும் அடுக்கடுக்காக விளக்கி, நோயாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும், தொடக்கநிலையாளர் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும் அந்நூல் குறிக்கிறது. பிழைகளைப் பட்டியலிடும் பாடநூல் அரிது. மாணவர் தன்னைத் தானே திருத்திக்கொள்ள அதைவிடச் சிறந்த துணை இல்லை. அந்நூல் பரிந்துரைக்கும் சொற்றொடர்கள் ஆங்கிலத்தில் இருப்பது அதன் குற்றமன்று. அவற்றை மலையாளத்திலும் தமிழிலும் ஆக்கித் தராதது இங்குள்ள கல்வித்துறையின் குறை.

மொழிக்கு அடுத்தபடி எண்கள். இருகண் பார்வையின் பிறழ்வுகளைக் கற்க ஷைமன்–விக் இணையரின் நூலுக்கு இன்று ஈடில்லை. ஆனால் இத்துறையின் பாடநூல்கள் இயல்பு அளவுகளாகக் காட்டுவனவற்றுள் பல, மெரிடித் மார்கன் 1944இல் அமெரிக்காவில் வகுத்த அட்டவணை வரை பின்னோக்கிச் செல்கின்றன. நெய்யாற்றின்கரையின் பள்ளிச் சிறுமியை அந்த அளவுகோலால் அளந்து ‘குறைபாடு’ என்று எழுதுவது எந்த அளவிற்குப் பொருந்தும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வு அருகிலேயே நடந்திருக்கிறது. தமிழ்நாட்டின் நகர்ப்புற, ஊர்ப்புறப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த ‘பேண்ட்’ ஆய்வு, இருகண் பார்வைக்கான இயல்பு அளவுகளை இம்மண்ணிலிருந்தே தந்தது. அதன் கட்டுரைகள் 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் சர்வதேச ஆய்விதழ்களில் வெளிவந்தன. அதுபோலவே, சென்னை எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியின் ஆய்வாளர்கள் தமிழ் எழுத்துகளைக் கொண்டு லாக்மார் பார்வைப் பலகை ஒன்றை உருவாக்கிச் சரிபார்த்து 2009இல் வெளியிட்டனர். எல்லாத் தமிழ் எழுத்துகளும் ஒரே அளவில் படிக்க எளியவை அல்ல. ‘ட’வும் ‘ப’வும் போன்ற எளிய வடிவங்களையும் சுழிகள் நிறைந்த எழுத்துகளையும் ஒரே வரிசையில் கலந்துவிட்டால், அளக்கப்படுவது பார்வையா எழுத்தா என்று தெரியாது. இந்த இரண்டு முயற்சிகளும் ஒவ்வொரு பாடப்பட்டியலிலும் கட்டாயமாக இடம்பெறத் தக்கவை. நூல் வடிவில் இல்லாத ஒன்றைப் பட்டியலிடும் பழக்கம் இல்லாததால் அவை விடுபட்டுப்போகின்றன.

விலையில்லாமல் கிடைப்பனவற்றுக்கும் இதே கதி. 1988 முதல் லண்டனிலிருந்து வரும் ‘கம்யூனிட்டி ஐ ஹெல்த் ஜர்னல்’ ஏழை நாடுகளின் கண் நலப் பணியாளர்களை மனத்தில் வைத்து எளிய ஆங்கிலத்தில் எழுதப்படுவது, முழுவதும் இலவசம். ஆர்பிஸ் நிறுவனத்தின் சைபர்சைட் பாடங்கள், யூட்டா பல்கலைக்கழகத்தின் வெப்விஷன், அயோவா பல்கலைக்கழகத்தின் ஐரவுண்ட்ஸ் நோயாளிக் குறிப்புகள், 1953 முதல் வெளிவரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜி’ ஆகிய அனைத்தும் கைபேசியில் திறக்கக்கூடியவை. பணியில் இருப்போருக்கு இவை மாணவர்களைவிடவும் தேவையானவை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் குடும்ப நல மையங்களில் நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்துப் பரிசோதிக்கும் ‘நயனாமிர்தம்’ திட்டம் தொடங்கியபோது, விழித்திரைப் பாதிப்பின் ஐந்து படிநிலைகளைப் பிரித்தறியும் திறன் ஒரு சிறப்பு மருத்துவரின் அறையிலிருந்து ஊர்ப்புறத்தின் முதல்நிலை மையத்தை நோக்கி நகர்ந்தது. பத்தாண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றவரின் பாடநூலில் அந்தப் பணிக்கான பயிற்சி இருந்திராது. சர்வதேசக் கண் மருத்துவக் கழகத்தின் நீரிழிவுக் கண் வழிகாட்டியை இணையத்திலிருந்து இறக்கிப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

தேர்வு ஆங்கிலத்தில், வேலை வளைகுடாவில், அப்படியிருக்க மொழிக்கென்ன அவசரம் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ உரிமத் தேர்வு எழுத வேண்டியவரிடம் பலவுள் தெரிவு வினாத் தொகுப்பை ஒதுக்கு என்று சொல்வது அறிவுரையாகாது. அந்தத் தொகுப்புகளும் ஒரு தேவையை நிறைவு செய்கின்றன. ஆனால் வளைகுடாவின் கண்ணாடிக் கடைக்கு வருவோரில் மலையாளிகளும் தமிழர்களும் எத்தனை பேர் என்பதை அங்கு பணியாற்றித் திரும்பியவர்கள் அறிவார்கள். மொழியைக் கற்பது உள்ளூரில் தங்கிவிடுபவருக்கு மட்டுமான பாடம் என்ற எண்ணம் பிழையானது.

தமிழுக்கு இதில் நீண்ட முன்னோடி வரலாறு ஒன்று இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். பாடம் சொல்ல நூல் இல்லை என்று அவர் நின்றுவிடவில்லை. மாணவர்களைத் துணைக்கொண்டு உடற்கூற்றியல், அறுவை, மகப்பேறு, வேதியியல் நூல்களைத் தமிழாக்கினார். கிரேயின் உடற்கூற்றியல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் வெளிவந்தது. திருவனந்தபுரத்திலேயே, பல்கலைக்கழக நூல்களை மலையாளத்தில் ஆக்கும் நோக்குடன் 1968இல் கேரள பாஷா இன்ஸ்டிட்யூட் நிறுவப்பட்டது. கிரீனுக்கு இல்லாத அச்சகமும் நிதியும் வல்லுநரும் இன்று இருக்கின்றன. முழுப் பாடநூலும் தாய்மொழிக்கு வர வேண்டும் என்று கேட்பது இப்போதைக்கு மிகையாக இருக்கலாம். நோயாளியிடம் பேசும் பகுதியேனும் வர வேண்டும் என்பது மிகையன்று.

காலமும் இதற்கு ஏற்றதாக இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரியைத் தன் வரம்பிற்குள் கொண்டுவந்துவிட்டது. நாடு முழுமைக்கும் ஒரே தரம் என்ற நோக்கில் பாடத்திட்டங்கள் மாற்றி எழுதப்படும்போது நூற்பட்டியல்களும் மாறும். பழைய பட்டியலை அப்படியே தட்டச்சு செய்து பதிப்பு எண்களை மட்டும் புதுப்பிப்பது எளிது. அதுவே நடப்பதற்கு வாய்ப்பும் அதிகம். ஆசிரியர்கள் செய்யக்கூடியது வேறு ஒன்று உண்டு. ஒவ்வொரு நூலின் எதிரிலும் எந்த ஆண்டில், எந்த இயல்களை, எதற்காகப் படிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதலாம். பேண்ட் ஆய்வின் கட்டுரைகளையும் தமிழ் லாக்மார் கட்டுரையையும் ‘கட்டாய வாசிப்பு’ என்று குறிக்கலாம். கடைசி ஆண்டுப் பயிற்சி மாணவர்கள் நோயாளிகளிடமிருந்து கேட்கும் சொற்களை, மலையாளத்தில் ஒரு நெடுவரிசையும் தமிழில் ஒரு நெடுவரிசையுமாக, புறநோயாளிப் பிரிவின் மேசையில் உள்ள ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்லலாம். ஓராண்டில் அந்தக் குறிப்பேடு நிரம்பிவிடும். அச்சுக்குக் கொடுக்கும் முன் வங்காளத்துக்கும் இந்திக்கும் இன்னும் இரு நெடுவரிசைகள் வேண்டியிருக்கும், ஏனெனில் கட்டடத் தொழிலாளர்களும் கண் காட்ட வருகிறார்கள்.