யாருடைய தமிழுக்குச் சிரிப்பு

2000ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த 'தெனாலி'யைப் பற்றி வன்னியில் இப்போதும் இரண்டு பேர் கதைக்கத் தொடங்கினால் மூன்று கருத்து வரும். "எங்கட தமிழைப் பகிடி பண்ணிப்போட்டாங்கள்" என்பார் ஒருவர். "எங்கட தமிழை அவங்கட படத்தில கேட்டதே அதிலதானே" என்பார் மற்றவர். கொஞ்ச நேரத்தில் முதலாமவரே அந்தப் படத்துக் காட்சி ஒன்றை நடித்துக் காட்டி, தானே விழுந்து விழுந்து சிரிப்பார். 2025 மே மாதம் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்ததும் பழைய வாக்குவாதத்துக்குப் புது உயிர். அதிலும் தமிழ்நாட்டுக்குக் களவாக வந்த ஓர் ஈழத்துக் குடும்பம். பேச்சைக் கேட்டால் பிடிபட்டுவிடுவோமே என்ற பயத்திலிருந்தே பாதிப் பகிடி.

'தெனாலி' ஈழத்து அகதி ஒருவன் தமிழ்நாட்டுப் பெண்ணைக் காதலிக்கும் கதை. கொடைக்கானல், கே.எஸ். ரவிக்குமாரின் இயக்கம், ஏ.ஆர். ரகுமானின் பாட்டுகள். கமல்ஹாசனுக்கு எங்கள் பேச்சைப் பழக்கியவர் வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத். படத்திலும் அவர் தலைகாட்டுவார். உச்சரிப்பில் பிசகு பிடிக்கிறவர்கள் உண்டு. எமக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. உறுத்துவது பயம். எதைக் கண்டாலும் நடுங்குகிறவன் தெனாலி, அதற்குக் காரணம் போர். அந்த வருடம் ஏ9 பாதை மூடிக் கிடந்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் பிள்ளைகள் தாமாகவே பங்கருக்குள் இறங்கினார்கள். படம் பார்ப்பதற்கே கட்டுப்பாடு இருந்த காலம். 2002இல் பாதை திறந்த பிறகு பார்த்தவர்களே இங்கு அதிகம். அவர்களில் பயத்தோடு வாழ்ந்தவர்கள்தான் கூடச் சிரித்தார்கள், தூரத்தில் இருந்தவர்கள்தான் கூடக் கோபப்பட்டார்கள் என்பது எங்கள் கணிப்பு. சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்தக் கோபம் நெடுநாள் விளங்கவில்லை. 2013இல் ரோஹித் ஷெட்டியின் 'சென்னை எக்ஸ்பிரஸ்' வந்து, தீபிகா படுகோன் தமிழ் வாடையடிக்கும் ஹிந்தி பேசியபோது அவர்களுக்கும் சுருக்கென்றது. லுங்கியும் அரிவாளும்தானா நாங்கள் என்று கேட்டார்கள். படம் என்னவோ கோடி கோடியாகச் சம்பாதித்தது. தமிழ்நாட்டிலும் ரசித்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

இந்த இடத்தில் எங்களுக்கு 1976இல் வந்த இலங்கைப் படமான 'கோமாளிகள்' ஞாபகம் வருகிறது. வானொலியில் சக்கைபோடு போட்ட நாடகத்திலிருந்து பிறந்தது. எஸ். ராமதாஸின் மரிக்கார் முஸ்லிம்களின் பேச்சுத் தமிழில் பொரிவார், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத்தை இழுப்பார், செல்வசேகரனின் உபாலி சிங்களம் கலந்து தமிழை உடைப்பார். அப்துல் ஹமீதும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அங்கே ஆளுக்கொரு வழக்கு. எல்லாரும் எல்லாரையும் பகிடி பண்ணலாம், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கலாம். 'தெனாலி'யில் அப்படியில்லை. சுற்றியிருக்கிற அத்தனை பேரும் சாதாரணமாகப் பேச, வழக்கு இருப்பது அவன் ஒருவனுக்கு மட்டுந்தான். கடைசியில் காதலியும் கிடைத்து, தன் பயத்துக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டரையே நிலைகுலைய வைத்து அவன் ஜெயிக்கிறான் என்பது உண்மை. என்றாலும் அவன் வாயைத் திறந்தாலே சிரிக்கலாம் என்று கொட்டகைக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது.

சரி, 'எங்கட தமிழ்' என்று கோபப்படுகிறோமே, அது எது? தெனாலி பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். 1995 இடப்பெயர்வோடு அதைப் பேசுகிறவர்கள் இன்னும் பெருந்தொகையாக வன்னிக்கு வந்தார்கள். அதற்கு வெகு முன்பே, 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு, மலையகத்திலிருந்து வந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் காந்தியம் அமைப்பு வவுனியாவில் அவர்களுக்காகப் பாடுபட்டது. அப்படி அவர்கள் குடியேறிய மலையாளபுரத்துப் பிள்ளையொன்று "என்னங்க டீச்சர்" என்று வகுப்பில் எழுந்து நின்றால் பின்வாங்கில் கிளம்பும் சிரிப்பை இங்கே கேட்காதவர் இல்லை. கமல்ஹாசனில் கோபித்த வாய்கள் பல அந்தப் பின்வாங்கில் இருந்து வந்தவை. முல்லைத்தீவுக் கரையின் பேச்சுக்கும் இதே கதிதான்.

எங்களுக்கு ஓர் ஆசை. பரந்தன் பெட்டைக்கும் மலையாளபுரத்துப் பெடியனுக்கும் காதல், இரண்டு வீட்டிலும் அடிபாடு, இடையிடையே பாட்டு என்று ஒரு படத்தை இங்குள்ளவர்களே எடுக்க வேண்டும். கதாநாயகியின் தாய் சம்பந்தம் பேசப் போய், அவர்களுடைய "வாங்க போங்க"வில் திணறி, தன்னுடைய "ஓமோம்"முக்கு அவர்கள் வாய்பொத்திச் சிரிப்பதைப் பார்த்து முழிக்கும் காட்சி முதல் பாதியிலேயே வந்துவிட வேண்டும். யாரைப் பகிடி பண்ணியிருக்கிறது என்று சனம் இரண்டாய்ப் பிரிந்து அடிபட்டால் அடுத்த இதழில் இரு தரப்புக்கும் பக்கம் ஒதுக்கத் தயார்.