கடன் வாங்கினவன் மட்டுமா குற்றவாளி?

தோட்டத்துல ஒருத்தன் வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டால் "அவனுக்குக் கணக்குத் தெரியாது" என்கிறோம். கொடுத்தவனை யாரும் கேட்பதில்லை. நாடுகளின் விஷயத்தில் அதைக் கேட்டவர் ஆன் பெட்டிஃபர் அம்மையார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து பிரிட்டனில் வாழும் பொருளாதார நிபுணர்.

ஏழை நாடுகளின் கட்ட முடியாத கடனைத் தள்ளுபடி செய்யக் கோரிய 'ஜூபிலி 2000' இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் இவர். 1998 மே மாதம் பர்மிங்ஹாமில் எட்டு பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, சுமார் 70,000 பேர் கைகோத்து நகரில் சங்கிலியாக நின்றார்கள். மறு ஆண்டு கொலோன் மாநாட்டில் 100 பில்லியன் டாலர் வரை குறைப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். கூட்டம் சேர்ந்த பிறகுதான் ஐயா வாய் திறந்தது! 2001-ல் தான்சானியா ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அதுக்கு இந்தக் கடன் நிவாரணம் கைகொடுத்தது.

ஆனால் தள்ளுபடி ஒரு தடவை செய்தால் போதுமா? வங்கிகள் பெட்டியில் இருக்கிற பணத்தை எடுத்துக் கடன் கொடுப்பதில்லை. கணக்கில் எழுதும்போதே புதுப் பணம் பிறக்கிறது, அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் வேணும் என்பது அம்மையாரின் வாதம். பணக்கார நாடுகளும் கடனில் கவிழப்போகின்றன என்று 2006-லேயே புத்தகம் எழுதினார். 2008-ல் உலகமே பார்த்தது.

ஜாம்பியாவைப் பாருங்கள். 2005-ல் பெரும் தள்ளுபடி கிடைத்தது. பிறகு தனியார் பத்திரக்காரர்களிடம் வாங்கி, 2020 நவம்பரில் வட்டி கட்ட முடியாமல் நின்றது. அவர்களோடு உடன்பாடு முடிய 2024 ஆயிற்று.